ஜிம் பெல்ட் வாங்கப் போறீங்களா? பேன்ட் சைஸை மறந்துட்டு டேப்பை எடுங்க!

ஜிம்மில் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஓடியிருக்கும். ஸ்குவாட்டில் எடை கூடிக்கொண்டே போகிறது. ‘இனிமே பெல்ட் இல்லாம டெட்லிஃப்ட் அடிக்காதீங்க ப்ரோ, முதுகு போயிடும்’ என்று பக்கத்தில் இருப்பவர் அக்கறையாகச் சொல்கிறார். அன்று இரவே மொபைலில் தேடினால், சில நூறு ரூபாயில் தொடங்கி பல ஆயிரம் ரூபாய் வரை விதவிதமான பெல்ட்டுகள். நிறம் பிடித்துவிட்டது, ரேட்டிங்கும் நன்றாக இருக்கிறது. கடைசியில் ‘சைஸ்?’ என்று கேட்கும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பேன்ட் சைஸ் 32, அப்படியென்றால் ‘மீடியம்’ என்று அழுத்திவிடுகிறார்கள்.

பெல்ட் வீட்டுக்கு வந்ததும் பார்த்தால், முதல் ஓட்டைக்கே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எப்படியோ மாட்டினாலும் மூச்சு முட்டுகிறது. திருப்பி அனுப்பச் சோம்பல். ‘பரவால்ல, டைட்டா இருந்தாத்தானே சப்போர்ட்’ என்று மனதைத் தேற்றிக்கொண்டு அதையே கட்டிக்கொண்டு பார்பெல் முன்னால் போய் நிற்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். அளவு தப்பான பெல்ட் தன் வேலையைச் செய்யாது. ஆனால், ‘பெல்ட் போட்டிருக்கோம்ல’ என்ற தைரியத்தை மட்டும் குறையில்லாமல் கொடுத்துவிடும். அந்தத் தைரியத்தில் இரண்டு பக்கமும் இன்னொரு பிளேட் ஏறும். அந்த நிலையில், பெல்ட்டே இல்லாமல் தன் அளவு தெரிந்து தூக்குபவரைவிட, பொருந்தாத பெல்ட்டோடு அளவை மீறித் தூக்குபவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

டியூப்பும் டயரும்

பெல்ட்டின் சைஸ் ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிய, அது என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். இடுப்பை இறுக்கிப் பிடித்து முதுகைத் தாங்குவதுதான் பெல்ட்டின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை.

கனமான எடையைத் தூக்குவதற்கு முன் ஆழமாக மூச்சை இழுத்து, அதை அடக்கி, வயிற்றுத் தசைகளை இறுக்குகிறோம். மருத்துவத்தில் இதற்கு ‘வல்சால்வா’ முறை என்று பெயர். அப்போது வயிற்றறைக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் முதுகெலும்புக்கு முன்பக்கத்திலிருந்து முட்டுக்கொடுக்கிறது. உடலின் நடுப்பகுதி மடங்காமல் விறைப்பாக நிற்கிறது.

சைக்கிள் டியூப்பை நினைத்துப் பாருங்கள். வெறும் டியூப்பில் காற்றடித்தால் அது உப்பும், ஆனால் ஆளைத் தாங்காது. அதே டியூப்பை டயருக்குள் வைத்து அடித்தால் கல் மாதிரி ஆகிவிடும். தாங்குவது காற்றுதான், அந்தக் காற்று வெளியே உப்பாமல் தடுத்து நிறுத்துவது டயர். வயிறு டியூப் என்றால் பெல்ட் டயர். 1990-களின் தொடக்கத்தில் ஸ்குவாட் செய்பவர்களை வைத்து நடந்த ஆய்வுகளிலும், பெல்ட் அணிந்தபோது வயிற்றறை அழுத்தம் கூடுவது பதிவாகியிருக்கிறது.

இப்போது சைஸ் விஷயம் தானாகவே புரியும். டயர் பெரிதாக இருந்தால் டியூப் அதைத் தொடவே தொடாது. டயர் சிறிதாக இருந்தால் டியூப்பில் காற்றே ஏறாது. தொளதொள பெல்ட்டில் வயிறு எதன் மேலும் முட்டாது. இறுக்கமான பெல்ட்டில் முழு மூச்சே எடுக்க முடியாது. ‘எவ்வளவு டைட்டோ அவ்வளவு நல்லது’ என்ற ஜிம் பழமொழி தப்பு என்பது இதனால்தான்.

அளவு எடுப்பது எப்படி?

தையல்காரர் வைத்திருக்கும் சாதாரண இன்ச் டேப் ஒன்று போதும். வீட்டில் தையல் மெஷின் இருந்தால் அதன் டிராயரிலேயே கிடைக்கும்.

1. ஜிம்முக்குப் போடும் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். பெல்ட் துணிக்கு மேல்தான் வரப்போகிறது. அளவும் அதற்கு மேல்தான்.

2. டேப்பைத் தொப்புள் உயரத்தில் சுற்றுங்கள். பேன்ட் உட்காரும் இடத்தில் அல்ல. இப்போதைய ஜீன்ஸ் எல்லாம் தொப்புளுக்கு நன்றாகக் கீழே உட்காருகிறது. தொப்பைக்கு அடியில் கட்டும் பேன்ட்டின் அளவு தொப்பையின் அளவைச் சொல்லாது.

3. டேப் முன்னாலும் பின்னாலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் இறங்கிவிடாமல் கண்ணாடியில் பாருங்கள், அல்லது வேறு ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

4. வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். வெளியேயும் தள்ளாதீர்கள். சாதாரணமாக மூச்சு விட்டுவிட்டு அளவைப் பாருங்கள். போட்டோவுக்கு நிற்பது போல எக்கிக்கொண்டு எடுத்த அளவில் வாங்கிய பெல்ட், வயிற்றை எக்கிக்கொண்டிருக்கும் வரைதான் சேரும்.

5. காலையில் வெறும் வயிற்றில் ஒருமுறை, வழக்கமாக உடற்பயிற்சி செய்யும் நேரத்தில் ஒருமுறை என இரண்டு தடவை எடுங்கள். ஆபீஸ் முடிந்து இரவு எட்டு மணிக்கு ஜிம் போகிறவருக்கு இரண்டாவது அளவுதான் முக்கியம்.

இதோடு இன்னொரு விஷயம். ரெடிமேட் பேன்ட்டில் 32 என்று போட்டிருந்தாலும், டேப் வைத்து அளந்தால் பல பிராண்டுகளில் அது 32 அங்குலம் இருக்காது. வாங்குபவர் மனம் குளிரட்டும் என்று சைஸை ஒரு படி குறைத்து எழுதும் வழக்கம் துணி வியாபாரத்தில் பழையது. ஆகவே பேன்ட் சைஸை நம்பி பெல்ட் வாங்குவது இரண்டு வகையில் தப்பு: அளந்த இடமும் தப்பு, அளவும் தப்பு.

நடு ஓட்டைதான் இலக்கு

ஒரு உதாரணம். ஒருவருடைய பேன்ட் சைஸ் 32. தொப்புள் அருகே அளந்தால் 36 அங்குலம், அதாவது 91 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அவர் பார்க்கும் பெல்ட்டின் சைஸ் பட்டியலில் மீடியம் 30 முதல் 34 வரை, லார்ஜ் 34 முதல் 38 வரை என்று இருக்கிறது. பேன்ட்டை நம்பினால் மீடியம் வாங்குவார். அது அவருக்கு எட்டவே எட்டாது. டேப்பை நம்பினால் லார்ஜ் வாங்குவார். 36 அதில் சரியாக நடுவில் வருகிறது.

நடுவில் வருவது ஏன் முக்கியம்? உடம்பு ஒரே அளவில் நிற்பதில்லை. மூன்று மாதம் டயட் இருந்தால் இரண்டு அங்குலம் குறையலாம். தீபாவளி, கல்யாண சீசன் வந்தால் அது திரும்பியும் வரலாம். ஒரே நாளிலேயே ஸ்குவாட்டுக்கு ஒரு ஓட்டையும், கீழே குனிய வேண்டிய டெட்லிஃப்ட்டுக்கு ஒரு ஓட்டை தளர்வாகவும் சிலருக்குத் தேவைப்படும். நடு ஓட்டையில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. கடைசி ஓட்டையில் இருப்பவருக்கு ஒரு பக்கம் கதவு மூடிவிட்டது.

அளவு சரியாக இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால்? எடையைக் குறைக்கும் திட்டத்தில் இருப்பவர் சின்னதையும், உடம்பை ஏற்றும் திட்டத்தில் இருப்பவர் பெரியதையும் எடுக்கலாம். ஆனால், திட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ‘அடுத்த மாசம் எப்படியும் குறைச்சிடுவேன்’ என்ற நம்பிக்கையில் சின்ன சைஸ் வாங்கினால், அது அலமாரியில்தான் தூங்கும்.

‘என்கிட்ட ஏற்கெனவே ஒரு துணி பெல்ட் இருக்கு, அதே நீளத்துல தோல் பெல்ட் வாங்கிக்கிறேன்’ என்பதும் சரிவராது. 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள தோலை வட்டமாக வளைத்தால், அதன் வெளிச் சுற்றளவுக்கும் உள் சுற்றளவுக்கும் 6 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம்! மெல்லிய பெல்ட்டின் நீளம் தடித்த பெல்ட்டுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு பிராண்டின் சைஸ் பட்டியலையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஒருவரின் லார்ஜ் இன்னொருவரின் மீடியமாக இருக்கலாம்.

பேன்ட் பெல்ட் பெரிதாகிவிட்டால் ஆணியை வைத்து ஒரு ஓட்டை போட்டுக்கொள்வது நம் வீடுகளில் சகஜம். 10 மில்லிமீட்டர் தோலில் அந்த வித்தை பலிக்காது.

சுற்றளவு மட்டுமா சைஸ்?

இல்லை. அகலமும் தடிமனும் சைஸ்தான். இவற்றைப் பற்றி ஜிம்களில் பேச்சே எழுவதில்லை.

சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி, போட்டியில் அணியும் பெல்ட்டின் அகலம் 10 சென்டிமீட்டரையும் தடிமன் 13 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது. ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் பளுதூக்குதலுக்கு விதி வேறு; அங்கே அதிகபட்ச அகலம் 12 சென்டிமீட்டர். இந்த எண்கள் உச்சவரம்புகள் மட்டுமே. ஆனால் கடைகளில் 10 சென்டிமீட்டர் அகலம்தான் எல்லோருக்குமான அளவு போல விற்கப்படுகிறது.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பக்கவாட்டில் கை வைத்துத் தடவிப் பார்த்தாலே தெரியும். உயரம் குறைந்தவர்களுக்கும் பெண்கள் பலருக்கும் அந்த இடம் குறைவு. அவர்கள் 10 சென்டிமீட்டர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு குனிந்தால், மேல் விளிம்பு விலாவில் குத்தும், கீழ் விளிம்பு இடுப்பு எலும்பில் இடிக்கும். மறுநாள் பார்த்தால் கன்றிப்போயிருக்கும். ‘ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் மேடம், பழகிடும்’ என்று ஜிம் மாஸ்டர் சொல்லுவார். புதுத் தோல் பெல்ட் விறைப்பாக இருந்து பழகப் பழக இளகும் என்பது உண்மைதான். ஆனால், எலும்பில் இடிக்கும் அகலம் பழகப் பழகக் குறையாது. அவர்களுக்கு ஏழரை சென்டிமீட்டர், அதாவது 3 அங்குல அகலமுள்ள பெல்ட்டுகள் இருக்கின்றன. வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதைவிட, அதைக் கேட்டு வாங்கச் சொல்வதுதான் நல்ல மாஸ்டருக்கு அழகு.

முதுகுப் பக்கம் ஒரு சாண் அகலமும் முன்பக்கம் இரண்டு விரல் அகலமுமாக வரும் பெல்ட்டுகளும் உண்டு. பார்க்கும்போது ‘முதுகுக்கு நல்ல சப்போர்ட்’ என்று தோன்றும். ஆனால், வயிறு முன்பக்கமும்தானே உப்புகிறது? அங்கே அகலம் குறைந்தால் டயரில் ஒரு பக்கம் கிழிந்த கதைதான். கனமான ஸ்குவாட், டெட்லிஃப்ட்டுக்கு சுற்றிலும் ஒரே அகலமுள்ள பெல்ட்டே பொருத்தம். பார்பெல்லை உடலை ஒட்டி வேகமாக மேலே இழுக்கும் ஒலிம்பிக் பாணி பளுதூக்குதலுக்கு முன்பக்கம் ஒடுங்கிய, மென்மையான பெல்ட்டுகள் வசதி.

தடிமனில் 10, 13 மில்லிமீட்டர் என இரண்டு வகை பரவலாகக் கிடைக்கின்றன. போட்டிக்குப் போகாத, வேலை முடிந்து வந்து பயிற்சி செய்யும் ஒருவருக்கு 10 தாராளம். 13 வாங்கினால் பெருமை கூடும். கூடவே விறைப்பும் கூடும்.

கொக்கியா, லீவரா, வெல்க்ரோவா?

பூட்டும் முறையும் சைஸோடு சம்பந்தப்பட்டதுதான். கொக்கி வைத்தது எளிமை. வேண்டிய ஓட்டைக்கு உடனே மாற்றிக்கொள்ளலாம். ஒற்றைக் கொக்கியே போதும். இரட்டைக் கொக்கியில் மாட்டவும் கழற்றவும்தான் நேரம் போகும். லீவர் வைத்தது ஒரே தட்டலில் பூட்டும், ஒரே தட்டலில் திறக்கும். ஆனால் பெரும்பாலான லீவர் பெல்ட்டுகளில் அளவை மாற்ற ஸ்க்ரூடிரைவர் தேவை. மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மாலை ஜிம்முக்குப் போனால், காலை அளவில் வைத்த லீவர் மூடாமல் அடம்பிடிக்கும். ஒரே ஆள், ஏறக்குறைய ஒரே எடை என்றால் லீவர் நல்லது. எடை ஏறி இறங்குபவருக்குக் கொக்கிதான் கைகொடுக்கும்.

வெல்க்ரோ வைத்த நைலான் பெல்ட்டை எந்த அளவுக்கும் நுணுக்கமாகச் சரிசெய்யலாம், விலையும் குறைவு. ஆரம்பத்தில் இருப்பவருக்கு அது போதும். எடை கூடக் கூட, முழு மூச்சின் அழுத்தத்தில் வெல்க்ரோ பிரிய வாய்ப்புண்டு. பழசானால் இன்னும் எளிதாகப் பிரியும்.

திருப்பி அனுப்பும் தேதிக்குள் ஒரு சோதனை

பார்சல் வந்ததும் டேக்கை வெட்டாதீர்கள். வீட்டிலேயே கட்டிப் பாருங்கள். சாதாரணமாக நிற்கும்போது பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். இப்போது நெஞ்சை ஏற்றாமல் வயிற்றுக்குள் ஆழமாக மூச்சை இழுங்கள். முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று சுற்றிலும் பெல்ட்டில் முட்டுவதை உணர வேண்டும். முட்டவே இல்லையென்றால் தளர்வு. பாதி மூச்சிலேயே அடைத்துக்கொண்டால் இறுக்கம்.

பிறகு எடை எதுவும் இல்லாமல் மெதுவாக உட்கார்ந்து எழுந்து பாருங்கள். டெட்லிஃப்ட்டுக்குக் குனிவது போலக் குனியுங்கள். விலாவில் குத்துகிறதா, தொடை மடிப்பில் இடிக்கிறதா? அரை அங்குலம் மேலே ஏற்றிப் பாருங்கள். அப்படியும் இடித்தால் அகலம் அதிகம். கூச்சப்படாமல் திருப்பி அனுப்புங்கள்.

முதுகைக் காப்பாற்றுமா?

பெல்ட் வாங்குபவர்கள் பலரின் மனதில் இருக்கும் உண்மையான கேள்வி இதுதான். சுருக்கமான பதில்: அதை நம்பி இருக்காதீர்கள்.

அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், வேலையிடங்களில் சுமை தூக்குபவர்கள் அணியும் முதுகு பெல்ட்டுகளை ஆராய்ந்தது. ஆரோக்கியமான தொழிலாளர்களுக்கு அவை முதுகுக் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1994-ல் அறிவித்தது. அதன் பிறகு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடை ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த அதன் ஆய்வு 2000-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியானது. பெல்ட் கட்டியவர்களுக்கு முதுகுவலியோ காயமோ குறையவில்லை என்பதே அதன் முடிவு.

அவை மெல்லிய வேலையிட பெல்ட்டுகள். ஜிம்மின் தோல் பெல்ட் வேறு. பார்பெல்லைச் சில விநாடிகள் தூக்குவதும், நாள் முழுக்கப் பெட்டி தூக்குவதும் ஒன்றல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். இடுப்பில் ஏதோ கட்டியிருக்கிறோம் என்பதாலேயே முதுகு பத்திரமாகிவிடாது. மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கத் தெரியாதவருக்குப் பெல்ட் வெறும் தோல் துண்டு. முதலில் பெல்ட் இல்லாமல் அதைப் பழகிவிட்டு, உச்ச எடையை நெருங்கும் செட்டுகளுக்கு மட்டும் பெல்ட்டை எடுப்பதே சரியான வரிசை. டிரெட்மில்லிலும் பைசெப்ஸ் கர்லிலும் பெல்ட்டோடு திரிவது ஃபேஷன், அவ்வளவுதான்.

இவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது

மூச்சை அடக்கிக் கனமான எடையைத் தள்ளும்போது ரத்த அழுத்தம் எகிறும். 1985-ல் வெளியான ஓர் ஆய்வில், அனுபவமுள்ள ஐந்து பாடிபில்டர்களின் தமனியில் நேரடியாக அளந்தார்கள். இரண்டு காலாலும் லெக் பிரஸ் தள்ளும்போது சராசரியாக 320/250 என்ற அளவைத் தொட்டது. சாதாரணமாக 120/80 என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சி எண். ஆரோக்கியமானவர்களுக்கு அது சில விநாடிகளில் இறங்கிவிடும். ஆனால் பிபி, இதயப் பிரச்சினை, குடலிறக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், பிரசவமானவர்கள் ஆகியோர் பெல்ட் சைஸைப் பார்ப்பதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஐடி வேலையில் இருக்கும் முப்பது வயதுக்காரருக்குத் தனக்கு பிபி இருப்பதே தெரியாமல் இருக்கலாம். ஒருமுறை பார்த்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

ஜிம்களும் யோசிக்கட்டும்

தப்பு முழுவதும் வாங்குபவர் மீது இல்லை. பல ஜிம்களில் ரேக் ஓரமாக ஒரே ஒரு பொது பெல்ட் தொங்கும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கும் 95 கிலோ ஆணுக்கும் அதே பெல்ட்தான். ஒருவருக்குத் தொளதொள, ஒருவருக்கு மூச்சுமுட்டல். இரண்டு பேரிடமும் ‘பெல்ட் போட்டாச்சுல்ல, தூக்குங்க’ என்று சொல்வது வழிகாட்டுதல் ஆகாது.

புது மெஷினுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் ஜிம்கள், மூன்று சைஸில் பெல்ட்டும், அதில் ஒன்று 3 அங்குல அகலத்திலும், பக்கத்து ஆணியில் ஒரு இன்ச் டேப்பும் மாட்டி வைக்கலாம். பெல்ட் கேட்டு வரும் புதியவரிடம் மாஸ்டர் முதலில் அந்த டேப்பை எடுத்து நீட்டட்டும். அதுவரை, வாங்க நினைப்பவர்கள் கார்ட்டில் போட்டதை ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு, நாளை மாலை ஜிம்முக்குக் கிளம்பும் முன் தொப்புள் மட்டத்தில் ஒரு அளவு எடுத்துவிட்டு வாருங்கள். ஆர்டரை அதற்குப் பிறகு போடலாம்.